குறி சரி, பெல்லட் ஏன் விலகியது? – காற்றுத் துப்பாக்கி ஸ்கோப்பின் இயற்பியல்

மாணவர்களே, அறிவியல் கூடத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்துவிட்டு அளவைத் தவறாக எழுதி, ஆசிரியரிடம் திட்டு வாங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கோல் மாறவில்லை, பொருளும் நகரவில்லை. கண் இருந்த இடம் மட்டும் மாறியது. அதனால் அளவு மாறியது. இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர்.

அதே பிழை விளையாட்டுத் திடலில் ஒருவரின் வெற்றியைப் பறிக்கக்கூடும். காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நிற்கும் ஒருவர், தொலைநோக்கியின் குறுக்குக் கோடுகளை இலக்கின் நடுவில் மிகச் சரியாக வைக்கிறார். கை நடுங்கவில்லை, காற்றும் வீசவில்லை. விசையை அழுத்துகிறார். பெல்லட் எனப்படும் சிறிய ஈயக் குண்டு இலக்கின் துளைக்கு வெளியே போய்ப் படுகிறது. அவர் தன்னையே நொந்துகொள்கிறார். ஆனால் தவறு அவருடைய கையில் இல்லை. அவர் வாங்கிய தொலைநோக்கியில் இருக்கிறது.

துப்பாக்கியின் மேல் பொருத்தும் இந்தத் தொலைநோக்கியை ஸ்கோப் என்பார்கள். இதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. பெரிய வில்லை, அதிகப் பெருக்கம், அதிக விலை என்று போனால் நல்லது கிடைத்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. அது எங்கே தவறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அல்ல. அதன் பெல்லட் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநரின் கண்காணிப்பில் மட்டுமே அதைத் தொட வேண்டும். இந்தக் கட்டுரையில் நீங்கள் செய்து பார்க்கும் சோதனைகளுக்குத் துப்பாக்கி தேவையில்லை. பென்சில், அளவுகோல், சாதாரண இருகண் தொலைநோக்கி ஆகியவை போதும். எந்தத் தொலைநோக்கி வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது.

எந்த விளையாட்டுக்கு?

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

ஸ்கோப் முழுமையாகப் பயன்படும் போட்டி, பிரிட்டனில் 1980இல் பிறந்த ஃபீல்டு டார்கெட். திறந்த வெளியிலும் மரங்களுக்கு இடையிலும் விலங்கு வடிவத்தில் உலோகத் தகடுகளை நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வட்டத் துளை இருக்கும். பெல்லட் துளைக்குள் நுழைந்து பின்னாலுள்ள துடுப்பைத் தட்டினால் தகடு சாய்ந்துவிடும். துளையின் விட்டம் சில தகடுகளில் 40 மில்லிமீட்டர். சிலவற்றில் 15 மில்லிமீட்டர்தான்.

இதன் தம்பி போன்றது ஹன்டர் ஃபீல்டு டார்கெட். இதில் இலக்குகள் 8 முதல் 45 கஜம் வரை, அதாவது ஏறக்குறைய 7 முதல் 41 மீட்டர் வரை இருக்கும். எந்த இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். தகடு சாய்ந்தால் இரண்டு புள்ளிகள். துளைக்கு வெளியே தகட்டில் பட்டால் ஒரு புள்ளி. தகட்டிலேயே படாவிட்டால் ஒன்றுமில்லை. இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: போட்டி தொடங்கிய பிறகு ஸ்கோப்பின் எந்தத் திருகையும் தொடக் கூடாது. தொடக்கத்தில் வைத்த அமைப்பிலேயே எல்லா இலக்குகளையும் சுட்டு முடிக்க வேண்டும்.

ஆகவே நம் கேள்வி இதுதான்: பகல் வெளிச்சத்தில், 7 முதல் 41 மீட்டர் வரை, நடுவில் எதையும் மாற்றாமல், சுருள்வில் காற்றுத் துப்பாக்கியில் பயன்படுத்த எந்த ஸ்கோப் பொருத்தம்?

கணக்குக்காக மூன்று கற்பனை ஸ்கோப்புகளை எடுத்துக்கொள்வோம்.

அ: 6–24×50. எடை 720 கிராம். நீளம் 38 சென்டிமீட்டர். தூர அமைப்பை மாற்றலாம்.

ஆ: 4×32. எடை 300 கிராம். நீளம் 19 சென்டிமீட்டர். தூர அமைப்பு 90 மீட்டரில் நிலையாக வைக்கப்பட்டது.

இ: 3–9×32. எடை 400 கிராம். நீளம் 28 சென்டிமீட்டர். தூர அமைப்பை 9 மீட்டரிலிருந்து மாற்றலாம்.

எண்கள் சொல்வது என்ன?

‘4×32’ என்பதில் முதல் எண் பெருக்கம். பொருள் நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். அதாவது 40 மீட்டரில் உள்ள இலக்கு, வெறும் கண்ணுக்கு 10 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். இரண்டாவது எண், முன்னால் இருக்கும் பொருளருகு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில் சொல்லப்படுவது. ‘3–9×32’ என்றால் பெருக்கத்தை 3 முதல் 9 வரை மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கிறது? பொருளருகு வில்லை, இலக்கின் தலைகீழான மெய்ப்பிம்பத்தைக் குழாய்க்குள் உருவாக்குகிறது. நடுவில் உள்ள வில்லைகள் அதை நிமிர்த்துகின்றன. கண்ணருகு வில்லை அதை உருப்பெருக்கிபோல் பெரிதாக்கிக் காட்டுகிறது. இரு குவி வில்லைகளைக் கொண்டு தொலைநோக்கி அமைக்கலாம் என்று 1611இல் விளக்கியவர் ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர். மெய்ப்பிம்பம் விழும் தளத்தில் மெல்லிய கம்பியை வைத்தால், கம்பியும் இலக்கும் ஒன்றாகத் தெளிவாகத் தெரியும். இந்த உத்தியை 1640 வாக்கில் பயன்படுத்தியவர் இங்கிலாந்தின் வில்லியம் கேஸ்கோயின். இன்றைய குறுக்குக் கோடுகளின் மூதாதை அதுதான்.

‘கம்பியும் பிம்பமும் ஒரே தளத்தில்’ என்ற சொற்களை நினைவில் வையுங்கள். முன்னே சொன்ன பிழையின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

பெரிய வில்லை, அதிக ஒளி: உண்மைதானா?

வில்லையின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். 50 மில்லிமீட்டர் வில்லை, 25 மில்லிமீட்டர் வில்லையைவிட நான்கு மடங்கு ஒளியை வாங்கும். இதுவரை உண்மை. ஆனால் வாங்கிய ஒளி முழுவதும் உங்கள் கண்ணுக்குள் போகிறதா?

கண்ணருகு வில்லையிலிருந்து ஒளி ஒரு சிறிய வட்டமாக வெளியே வருகிறது. அதன் விட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது:

ஒளிவட்டத்தின் விட்டம் = பொருளருகு வில்லையின் விட்டம் ÷ பெருக்கம்

ஆ ஸ்கோப்பில் 32 ÷ 4 = 8 மில்லிமீட்டர். நல்ல வெயிலில் நம் கண்மணித் துளை சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். நல்ல இருட்டில் இளைஞர்களுக்கு அது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். 8 மில்லிமீட்டர் ஒளிவட்டத்தில் பெரும்பகுதி பகலில் கண்மணித் துளைக்கு வெளியேதான் விழுகிறது. சிறிய வாய் உள்ள புட்டியில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் எவ்வளவு உள்ளே போகும்? அப்படித்தான்.

அப்படியானால் கூடுதல் ஒளிவட்டம் வீணா? முழுதும் வீணில்லை. வட்டம் பெரிதாக இருந்தால், கண் சற்று நகர்ந்தாலும் காட்சி கறுத்துப்போகாது. அ ஸ்கோப்பை 24 மடங்கில் வைத்தால் 50 ÷ 24 = 2.1 மில்லிமீட்டர். கண்ணைச் சரியான இடத்தில் வைப்பதே போராட்டமாகிவிடும். இ ஸ்கோப்பை 8 மடங்கில் வைத்தால் 32 ÷ 8 = 4 மில்லிமீட்டர். பகல் விளையாட்டுக்கு அது தாராளம்.

ஆகப் பகலில் 50 மில்லிமீட்டர் வில்லைக்காகச் சுமக்கும் கூடுதல் எடைக்குப் பதிலாக நமக்குக் கிடைக்கும் வெளிச்சம் மிகக் குறைவு.

*செய்து பாருங்கள்:* வீட்டில் இருகண் தொலைநோக்கி இருந்தால், அதை வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி, கண்ணிலிருந்து கை நீளத் தூரத்தில் பிடியுங்கள். கண்ணருகு வில்லையில் வெளிச்சமான ஒரு சிறு வட்டம் தெரியும். அதை அளவுகோலால் அளந்து பாருங்கள். கருவியின்மேல் 8×40 என்று எழுதியிருந்தால், அளவு 5 மில்லிமீட்டருக்கு அருகில் வரவேண்டும்.

கண் நகர்ந்தால் குறி நகரும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலைக் கை நீளத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். அதைச் சுவரிலுள்ள கடிகாரத்தோடு நேராக வைத்துவிட்டுத் தலையைச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள். பென்சில் கடிகாரத்தை விட்டு விலகிவிடும். அடுத்ததாக, அந்தப் பென்சிலைக் கடிகாரத்தின்மேலேயே ஒட்டிவைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். தலை எங்கே போனாலும் அது விலகாது. இரண்டு பொருள்களும் ஒரே தளத்தில் இருந்தால் இடமாறு தோற்றம் இல்லை.

ஸ்கோப்பிலும் இதுவே நடக்கிறது. குறிப்பிட்ட ஒரு தூரத்தில் உள்ள இலக்கின் பிம்பம் மட்டுமே குறுக்குக் கோட்டின் தளத்தில் சரியாக விழும். அதைவிட அருகிலோ தொலைவிலோ உள்ள இலக்கின் பிம்பம், கோட்டுக்குச் சற்றுப் பின்னாலோ முன்னாலோ விழும். அப்போது கண் நடுவை விட்டு நகர்ந்தால், கோடு இலக்கின்மேல் நகர்ந்துவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்; துப்பாக்கியோ வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு விலகும்? கண் ஒளிவட்டத்தின் விளிம்புவரை போய்விட்டால், நம் பார்வைக் கோடு பொருளருகு வில்லையின் விளிம்பு வழியாகப் புறப்பட்டு, ஸ்கோப் அமைக்கப்பட்ட தூரத்தில்தான் நடு அச்சைத் தொடும். இதிலிருந்து, ஒத்த முக்கோணங்களைக் கொண்டு இந்த விதியைப் பெறலாம்:

மிகப் பெரிய பிழை = (வில்லையின் விட்டம் ÷ 2) × (இலக்கின் தூரத்துக்கும் அமைத்த தூரத்துக்கும் உள்ள வேறுபாடு ÷ அமைத்த தூரம்)

இந்த விதியில் பெருக்கம் என்ற எண்ணே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பெருக்கத்தைக் கூட்டுவதால் இந்தப் பிழை குறைவதில்லை. வில்லையின் விட்டம் கூடினால் பிழையின் எல்லையும் கூடுகிறது!

கணக்கைப் போடுவோம். ஆ ஸ்கோப் 90 மீட்டருக்கு அமைக்கப்பட்டது. தோட்டாத் துப்பாக்கிகளுக்கான பல ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கு, அதாவது ஏறக்குறைய இந்தத் தூரத்துக்கு, அமைக்கப்பட்டு வருகின்றன. இலக்கு 10 மீட்டரில் இருந்தால்:

16 × (80 ÷ 90) = 14.2 மில்லிமீட்டர்.

துளையின் விட்டம் 15 மில்லிமீட்டர் என்றால், நடுவிலிருந்து விளிம்புக்கு 7.5 மில்லிமீட்டர்தான். முதலில் பார்த்த போட்டியாளரின் பெல்லட் ஏன் வெளியே போனது என்பது இப்போது புரிகிறதா?

இ ஸ்கோப்பை 25 மீட்டரில் அமைத்துவிட்டுப் போட்டியைத் தொடங்குவோம். 10 மீட்டரில் பிழை 16 × (15 ÷ 25) = 9.6 மில்லிமீட்டர். 40 மீட்டரிலும் வேறுபாடு அதே 15 என்பதால் பிழையும் 9.6தான். அ ஸ்கோப்பையும் 25 மீட்டரில் அமைத்தால், 25 × (15 ÷ 25) = 15 மில்லிமீட்டர். எதையும் மாற்றக் கூடாத இந்தப் போட்டியில், அருகில் உள்ள சிறிய துளைகளுக்குப் பெரிய வில்லைதான் அதிக ஆபத்து.

இவை அனைத்தும் கண் விளிம்புவரை நகர்ந்தால் வரும் பிழைகள். கண் பாதித் தூரம் மட்டும் விலகினால் பிழையும் பாதியாகும். கண் சரியாக நடுவில் இருந்தால் பிழையே இல்லை. அதனால்தான் பயிற்றுநர்கள், “ஒவ்வொரு முறையும் கன்னம் ஒரே இடத்தில் படட்டும்” என்று சலிக்காமல் சொல்கிறார்கள். அது வெறும் பழக்கத்துக்காகச் சொல்வதன்று. அதற்குப் பின்னால் வடிவியல் இருக்கிறது.

எடை எங்கே இருக்கிறது?

துப்பாக்கியின் எடை 3 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அ ஸ்கோப் அதன்மேல் ஏறினால் எடை 24 விழுக்காடு கூடுகிறது. இ ஸ்கோப் என்றால் 13 விழுக்காடு. எவ்வளவு எடை என்பதோடு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம்.

பெரிய வில்லை குழாயில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பை உயரமான வளையங்களில் பொருத்த வேண்டும். அ ஸ்கோப்பின் நடு, துப்பாக்கியின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே 6 சென்டிமீட்டரிலும், இ ஸ்கோப்பின் நடு 4 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். மொத்த அமைப்பின் ஈர்ப்பு மையம் எவ்வளவு மேலே போகும்?

அ: (0.72 × 6) ÷ 3.72 = 1.16 சென்டிமீட்டர்.

இ: (0.40 × 4) ÷ 3.40 = 0.47 சென்டிமீட்டர்.

ஈர்ப்பு மையம் உயர உயர, துப்பாக்கி பக்கவாட்டில் சாயப் பார்க்கும். மண்டியிட்டும் நின்றும் சுடவேண்டிய போட்டியில், அதை நிமிர்த்திப் பிடிக்கவே கைத்தசைகள் உழைக்கும். சோர்ந்த தசை நடுங்கும். பெருக்கம் அதிகமாக இருந்தால், நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும். எடையும் பெருக்கமும் இப்படிக் கைகோத்துக்கொள்கின்றன.

இரண்டு முறை உதைக்கும் துப்பாக்கி

காற்றுத் துப்பாக்கிக்குப் பின்னுதைப்பு குறைவு. எந்த ஸ்கோப்பும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சுருள்வில் துப்பாக்கியைப் பொறுத்தவரை இது தவறு.

விசையை அழுத்தியதும், அழுத்தி வைத்திருந்த சுருள்வில் கனமான உலோக உந்துதண்டை முன்னால் தள்ளுகிறது. உந்தம் மாறாக் கோட்பாட்டின்படி, துப்பாக்கி பின்னால் நகர்கிறது. இது முதல் உதை. உந்துதண்டு உருளையின் முனைக்குப் போனதும், அங்கே அழுந்திய காற்றிலும் முனைச் சுவரிலும் மோதி நிற்கிறது. அப்போது துப்பாக்கி முன்னால் தள்ளப்படுகிறது. இது இரண்டாவது உதை. கண் இமைக்கும் நேரத்துக்குள் இரண்டும் முடிந்துவிடும்.

தோட்டாத் துப்பாக்கிக்கான ஸ்கோப், பின்னோக்கிய உதையைத் தாங்கும்படி கட்டப்பட்டது. எதிர்த் திசையிலும் உதை வரும்போது, உள்ளே வில்லைகள் தளரலாம். குறுக்குக் கோட்டுத் தகடு நகரலாம். அதனால் ‘சுருள்வில் காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பது அவசியம். அழுத்தப்பட்ட காற்றை முன்கூட்டியே கலத்தில் நிரப்பி வைக்கும் துப்பாக்கிகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இங்கும் எடைக்கு வேலை உண்டு. விசை = நிறை × முடுக்கம். ஒரே உதையில் 720 கிராம் ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்த, 400 கிராம் ஸ்கோப்புக்குத் தேவைப்படும் விசையைப்போல் 1.8 மடங்கு வேண்டும். வளையங்களின் உராய்வு போதாமற்போனால், ஸ்கோப் தண்டவாளத்தில் சிறிது சிறிதாக நகர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான், வளையத்தின் அடியில் உள்ள முள்ளைத் துப்பாக்கியின் சிறு குழியில் நுழைத்து நிறுத்துகிறார்கள்.

பெல்லட் நேர்கோட்டில் போவதில்லை

பிரிட்டனின் இந்தப் போட்டிகளில் பெல்லட்டின் ஆற்றலுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல், எல்லையாக உள்ளது. பெல்லட்டின் நிறை 0.55 கிராம் என்றால் வேகம் என்ன? இயக்க ஆற்றல் = ½mv² என்ற விதியில் இட்டால், வினாடிக்கு ஏறக்குறைய 240 மீட்டர் வரும்.

10 மீட்டர் போக 1/24 வினாடி. அந்த நேரத்தில் ஈர்ப்பினால் விழும் தூரம் ½gt² = 8.5 மில்லிமீட்டர். 40 மீட்டர் போக நான்கு மடங்கு நேரம். விழும் தூரமோ 16 மடங்கு: சுமார் 136 மில்லிமீட்டர். காற்றுத் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். எனவே ஒரே ஒரு குறுக்குக் கோடு உள்ள ஸ்கோப் இந்தப் போட்டிக்குப் போதாது. கீழ்நோக்கிச் சம இடைவெளியில் புள்ளிகளோ சிறு கோடுகளோ இருந்தால், திருகைத் தொடாமலே எந்தத் தூரத்துக்கு எந்தப் புள்ளி என்று பழகிக்கொள்ளலாம். அதிகப் பெருக்கத்தைவிட இந்தச் சிறு கோடுகள் அதிக உதவி செய்யும்.

சிறியதற்கும் விலை உண்டு

இதுவரை படித்ததும், மிகச் சிறிய ஸ்கோப்பே மிகச் சிறந்தது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். குழாயைக் குட்டையாக்க, குவியத் தூரம் குறைந்த வில்லைகள் தேவை. அவற்றின் வளைவு அதிகம். வளைவு கூடும்போது, நிறங்கள் ஒரே புள்ளியில் குவியாமல் விளிம்பில் ஊதாவும் மஞ்சளும் கசியும், ஓரங்கள் மங்கும். இவற்றைத் திருத்த நல்ல கண்ணாடியும் கூடுதல் வில்லைகளும் வேண்டும், விலையும் ஏறும். மலிவான குட்டை ஸ்கோப்பைவிட மலிவான நடுத்தர நீள ஸ்கோப்பில் காட்சி தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். குழாய் மிகக் குட்டையாக இருந்தால், வளையங்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்த இடமும் குறையும். அப்போது கண்ணுக்கும் வில்லைக்கும் சரியான இடைவெளி கிடைக்காமற்போகலாம்.

அதிகப் பெருக்கமும் எப்போதும் குற்றமில்லை. மூத்த போட்டியான ஃபீல்டு டார்கெட்டில் திருகைத் தொடலாம். அங்கே பலர் 40 மடங்குகூடப் பயன்படுத்துகிறார்கள். பெருக்கம் கூடினால், எந்தத் தூரத்தில் காட்சி தெளிவாகிறது என்பது துல்லியமாகத் தெரியும். தெளிவு வரும்வரை சக்கரத்தைத் திருப்பி, அதில் குறித்துள்ள எண்ணைப் படித்தே இலக்கின் தூரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பெரிய ஸ்கோப் ஒரு தூரமானி. ஒரு போட்டியில் சுமையாக இருக்கும் அதே எண், இன்னொரு போட்டியில் ஆயுதமாகிவிடுகிறது.

நம் தேர்வு

மூன்று ஸ்கோப்புகளையும் மீண்டும் பார்ப்போம். அ கனமானது, 25 மீட்டரில் அமைத்தால் அருகில் பிழை அதிகம், அதன் தூரமானி வசதியைப் பயன்படுத்த விதி இடம் தரவில்லை. ஆ இலேசானது, ஆனால் அதன் தூர அமைப்பு நமக்கு எட்டாத 90 மீட்டரில் நிற்கிறது. இ நடுத்தர எடை. தூர அமைப்பை நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம். 8 மடங்கில் 4 மில்லிமீட்டர் ஒளிவட்டம் தருகிறது. சுருள்வில் துப்பாக்கிக்கு ஏற்றது என்ற உறுதியும், கீழ்நோக்கிய புள்ளிகளும் இருந்தால் இ தான் நம் ஸ்கோப். கடையில் பெரிய எண்களைக் காட்டும் அட்டைப்பெட்டி அ ஸ்கோப்புடையது. ஆனால் நம் வேலைக்குப் பதில் சொல்வது இ.

கண்ணாடியே இல்லாத துல்லியம்

ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு வருவோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக இந்தப் போட்டியில் நின்றார். 2018 காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ இதில் தங்கம் வென்றார். இந்த இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். ஆனாலும் அவர்களுடைய துப்பாக்கியில் பெருக்கிக் காட்டும் ஸ்கோப் இல்லை.

அவர்கள் பார்ப்பது, கண்ணருகே உள்ள ஒரு சிறிய துளை வழியாக. துளை ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால், கண் விலகிப்போக இடமே இல்லை. விலகினால் காட்சி மறைந்துவிடும். நம் விதியில் விட்டம் சிறியதானால் பிழை சிறியதானது, இல்லையா? அதே தத்துவம்தான் இங்கும். சிறிய துளை, அருகில் உள்ள முன்குறியையும் தூரத்து இலக்கையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டவும் உதவுகிறது. உலகின் மிகத் துல்லியமான காற்றுத் துப்பாக்கிப் போட்டி, மிகச் சிறிய ஒரு துளையை நம்பி நடக்கிறது.

நாளை நீங்கள் ஒரு கேமராவையோ, கைப்பேசியையோ, நுண்ணோக்கியையோ வாங்கப் போகலாம். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அப்போது “இந்த எண் என் வேலையில் எதைக் கூட்டுகிறது? எதைக் குறைக்கிறது?” என்று கேளுங்கள். விடையைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு பணப்பையைத் திறக்கலாம்.

பயிற்சி

1. 4×20 ஸ்கோப்பின் ஒளிவட்ட விட்டம் எவ்வளவு? பகலில் அது போதுமா?

2. 24 மில்லிமீட்டர் வில்லை உள்ள ஸ்கோப் 25 மீட்டரில் அமைக்கப்பட்டுள்ளது. 10 மீட்டரில் மிகப் பெரிய இடமாறு தோற்றப் பிழை என்ன? 15 மில்லிமீட்டர் துளைக்குள் அது அடங்குமா?

3. ஒரு ஸ்கோப்பின் திருகை ஒரு ‘கிளிக்’ திருப்பினால், 100 மீட்டரில் குறி 10 மில்லிமீட்டர் நகரும். 20 மீட்டரில் அது எவ்வளவு நகரும்? 20 மீட்டரில் பெல்லட் 24 மில்லிமீட்டர் தாழ்வாகப் பட்டால், எத்தனை கிளிக் திருப்ப வேண்டும்?

விடைகள்: 1. 5 மில்லிமீட்டர்; பகலில் தாராளமாகப் போதும். 2. 7.2 மில்லிமீட்டர், ஆரம் 7.5 என்பதால் நூலிழையில் அடங்கும். ஆனால் பெல்லட்டுக்கும் பருமன் உண்டு. ஆகவே கன்னத்தை ஒரே இடத்தில் வைக்கும் பழக்கம் இங்கும் தேவை. 3. 2 மில்லிமீட்டர், 12 கிளிக்.